நெருப்பு இருக்கு, எண்ணெய்தான் வரேல்லை

அன்பான நேயர்களே, வணக்கம். வைகாசி பிறந்துவிட்டது. குப்பை எடுக்கும் நாளில் கனடாவில் எங்கள் ஸ்காபரோ வீதிகளால் போய்ப் பாருங்கள், புல்லு வெட்டும் மிசின் ஒன்றாவது வாசலில் கிடக்கும். நல்ல சில்லு, நல்ல அலகு, கைபிடியில் பெயின்ற்கூடப் போயிராது. "ஸ்டார்ட் வருகுதில்லை" என்று எறிந்திருப்பார்கள். எனக்கு மனம் கேட்காது. பல மிசினுக்கு வருத்தம் ஒன்றுதான்: போன வருசத்துப் பெற்றோல்.

ஒக்ரோபரில் கடைசிப் புல்லை வெட்டிப்போட்டு, ராங்கில் பெற்றோலோடேயே கராஜ் மூலையில் தள்ளி விடுகிறோம். பெற்றோல் ஒரு மாதம் கிடந்தாலே பழுதாகத் தொடங்கிவிடும். மெல்லிய பகுதி ஆவியாகப் போய்விட, மிச்சம் பிசினாகப் படியும். இங்கே பெற்றோலில் எத்தனோலும் கலந்திருக்கிறது, 10 வீதமளவில். அது காற்றின் ஈரத்தை இழுக்கும். ஆறு மாதம் இப்படியே கிடந்த மிசினை, வெயில் வந்த அன்றைக்கு இழு இழு என்று இழுத்தால் அது என்ன செய்யும்?

இந்த இடத்தில் என் தகப்பனார், ஐயாவைப் பற்றிச் சொல்லவேணும். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும், பொருளாதாரத் தடை. பெற்றோல் மருந்துக்கும் இல்லை. மோட்டார் சைக்கிளும் மண்ணெண்ணெயில்தான் ஓடியது, எங்கள் வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்த மிசினும் மண்ணெண்ணெயில்தான். ஆனால் குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் லேசில் பிடிக்காது. அதுக்கென்று ஐயா ஊசிமருந்துப் போத்தில் ஒன்றில் கொஞ்சம் பெற்றோல் வைத்திருந்தார். றப்பர் மூடி போட்ட, பெருவிரல் அளவு போத்தில். சாமி அறையில் இருக்கும்!

விடியப்புறம் கிணற்றடியில், எஞ்சினுக்குள் நெருப்புப் பொறி தரும் பிளக்கைக் கழற்றுவார். சாரத்தில் துடைப்பார். அந்த ஓட்டைக்குள் இரண்டு சொட்டு, எண்ணி இரண்டே சொட்டு. பிளக்கைப் பூட்டிக் கயிற்றைச் சுற்றி இழுப்பார். எஞ்சின் படபடவென்று நாலு அடி அடித்து நின்றுவிட்டால் ஐயாவின் முகம் மலரும். "நெருப்பு இருக்கு, எண்ணெய்தான் வரேல்லை" என்பார். உடனே, எண்ணெயைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கார்புரேற்றரைக் கழற்றுவார். ஒரு சத்தமும் வராவிட்டால் பிளக்கைப் பார்ப்பார். இவ்வளவுதான் அவருடைய வைத்தியம்.

இன்றைக்கும் நான் அதைத்தான் செய்கிறேன். முதலில் மிசினை வெளியே எடுங்கள். கராஜுக்குள் வேண்டாம், புகை ஆளைக் கொல்லும். பழைய பெற்றோலை வடித்து எடுங்கள். அதை வடிகாலுக்குள் ஊற்றாமல், ஆபத்தான கழிவு எடுக்கும் நகரசபை நிலையத்தில் கொடுங்கள். புதுப் பெற்றோல் விட்டு இழுத்துப் பாருங்கள். பிடிக்கவில்லையா? பிளக் ஓட்டைக்குள் இரண்டு சொட்டு. பெற்றோல் கானைத் தூரத்தில் வைத்துவிட்டு, பிளக்கைப் பூட்டி வயரையும் மாட்டிப்போட்டு இழுங்கள். அடித்து நின்றால்? ஆம், எண்ணெய்தான் வரவில்லை.

கார்புரேற்றரின் அடியில் சின்னக் கோப்பை மாதிரி ஒன்று, பல மிசின்களில் ஒரே ஒரு போல்ற்றில் தொங்கும். பெற்றோல் வரும் குழாயை நெரித்துப் பிடித்துக்கொண்டு கழற்றுங்கள். உள்ளே தேன் நிறத்தில் பிசுபிசுப்பு, வார்னிஷ் மணம். சிலவற்றில் அந்தப் போல்ற்றிலேயே ஊசிமுனை அளவு துளை இருக்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அடைத்திருந்தால் மின்வயரின் செப்பு இழை ஒன்றை விட்டு எடுங்கள். இரும்புக் கம்பி வேண்டாம், துளை பெருத்துவிடும். கார்புரேற்றர் கழுவும் ஸ்பிறே அடித்துத் திருப்பிப் பூட்டுங்கள். திரும்பவும் சொல்கிறேன், எதையும் கழற்றமுன் கேளுங்கள்: இல்லாதது நெருப்பா, எண்ணெயா?

நேரம் முடிகிறதென்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். அலகு தீட்டுவது பற்றி நிறையச் சொல்ல நினைத்து வந்தேன். இரண்டே விசயம். பிளக் வயரைக் கழற்றாமல் அலகில் கை வைக்கவேண்டாம். மிசினைச் சரிக்கும்போது காற்று வடி, அதுதான் எயார் பில்ற்றர், மேலே பார்க்கட்டும், இல்லாவிட்டால் ஒயில் அதற்குள் இறங்கிவிடும். நன்றி, வணக்கம்.