ஆய்வின் கணக்கைக் கிணற்றடியில் எழுதுங்கள்

(வேலூரில் நடைபெற்ற கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்து சிறப்பித்திருக்கும் மாவட்ட அதிகாரிகளே, ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடியிலிருந்து வந்திருக்கும் தோல் தொழில் முனைவோரே, இந்த வெயிலிலும் பேருந்தேறி வந்திருக்கும் பாலாற்றங்கரை உழவர் பெருமக்களே, அனைவருக்கும் என் வணக்கம். எனக்கு முன் பேசிய பேராசிரியர் அவர்களுக்குத் தனியே நன்றி கூறக் கடமைப்பட்டிருக்கிறேன்.

அரசுப் பணத்தில் இயங்கும் ஆராய்ச்சி நிறுவனங்களின் பயனை அளப்பது எப்படி என்பது எனக்களித்த தலைப்பு. கட்டுரைகளும் காப்புரிமைகளும், தொழிலுக்குச் சேர்ந்த வருவாய், மக்கள் கண்ட நலன் என மூன்றாகப் பிரித்துப் பேச எண்ணினேன். முதலாவதற்கு ஒரு பழமொழியே போதும்: ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

என் பெரியப்பாவுக்கு ஆற்றோரம் ஒரு தென்னந்தோப்பு இருந்தது. கிணற்று நீர் உப்பேறி மட்டைகள் பழுக்கத் தொடங்கிய ஆண்டு, ஓர் ஆய்வுக்குழுவினர் வந்து புட்டிகளில் நீர் எடுத்தார்கள். பெரியப்பா அவர்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்து, “முடிவு எப்போது வரும் தம்பி?” என்று கேட்டார், ஒரு மாதம் என்றார்கள். அதன்பின் தபால்காரர் வரும்போதெல்லாம் திண்ணையிலிருந்து எழுந்து நிற்பார். தோப்பும் போயிற்று, அவரும் போனார். பல ஆண்டுகள் கழித்து அவருடைய பேத்தி கல்லூரி நூலகத்தில் ஓர் ஆங்கில ஆய்விதழைப் புரட்டியபோது எங்கள் ஊர்ப் பெயரைக் கண்டாள். கிணற்றுக்கு ஓர் எண் இருந்தது, உப்பின் அளவு இருந்தது. அந்நீர் தென்னைக்கு ஆகுமா என்ற ஒரு வரி இல்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது, பெரியோர்களே.

ஆய்வே வீண் என்று நான் சொல்லவில்லை. 1948இல் சென்னை அடையாற்றில் தொடங்கப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இல்லாமல் நம் மாவட்டங்களின் தோல் தொழிலை எண்ணிப் பார்க்க முடியாது. அங்கு உருவான நீரில்லாக் குரோம் பதனிடும் முறை, அதாவது நீர் ஊற்றாமல் குரோம் உப்பால் தோலைப் பதப்படுத்தும் முறை, ஆலைக் கழிவில் கலக்கும் குரோமியத்தைக் குறைக்க வல்லது. ஆனால் எத்தனை பேர் உரிமம் பெற்றார்கள் என்பது ஒரு கணக்கு. தோல் பதனிடும் எத்தனை டிரம்களில் அம்முறை இன்றும் நடக்கிறது என்பது வேறு கணக்கு. நீர் சற்றுத் தெளிந்தாலும், அது ஆய்வுக்கூடத்தின் பயனா, தோல் ஆலைக் கழிவுக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் அளித்த தீர்ப்பின் பயனா, பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்குச் செலவிட்ட முதலாளிகளின் பயனா என்று பிரித்தறிவது எளிதன்று. தொடக்க நிலையை அளந்து வைக்காதவர்களால் அது இயலவே இயலாது.

அந்தத் தீர்ப்பின் வழியே அமைந்த ஆணையம், உழவர்களின் இழப்பைக் கணக்கிட்டு ஈட்டுத்தொகை வகுத்தது. இழப்பை நிலவாரியாக அளக்க முடிந்த மண்ணில் பயனை அளக்க முடியாதா? ஆகவே என் கோரிக்கை இது: பாலாற்றங்கரை ஊராட்சி ஒவ்வொன்றிலும் சில கிணறுகளைக் குறித்து, கோடையிலும் மழைக்குப் பின்னும் உப்பையும் குரோமியத்தையும் அளந்து, முடிவைத் தமிழில் கிராம சபையில் படிக்க வேண்டும், ஆய்வு நிறுவனங்களின் ஆண்டறிக்கை அந்த எண்களையும் ஏற்க வேண்டும்.

வருவாய் பற்றிப் பேச நேரமில்லை; தலைவர் அவர்கள் பொறுத்தருள வேண்டும். கோரிக்கை மனு வாசலருகே மேசையில் இருக்கிறது. கையொப்பமிடுவோர் தம் ஊர்ப் பெயருடன், கிணறு எந்த ஆண்டிலிருந்து உப்புக் கரிக்கிறது என்பதையும் எழுதித் தாருங்கள். வணக்கம்.