ஓடைக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும்? ரஷ் கிரீக் வழக்கு

[திரையில்: கலிஃபோர்னியா வரைபடம். சியரா நெவாடா மலைத்தொடரின் கிழக்குச் சரிவு நெருங்கி வருகிறது.]

அணைக்குக் கீழே ஆற்றில் தண்ணீர் ஓட வேண்டுமா? வேண்டும் என்றால் எவ்வளவு, எந்த மாதத்தில்? இந்தக் கேள்விக்குக் கன அடிக் கணக்கில் பதில் எழுதி வைத்திருக்கும் ஓர் ஓடையைப் பார்க்கப் போகிறோம். அதன் பெயர் ரஷ் கிரீக். சியரா நெவாடா பனி உருகி இதன் வழியே மோனோ ஏரிக்குப் போகிறது. ஏரியிலிருந்து நீர் வெளியேற வழி கிடையாது. வந்தது ஆவியாகும், உப்பு மட்டும் தங்கிவிடும். கடலைவிட உப்பான அந்த நீரில் மீன் வாழாது. மீன்களுக்கு ஓடைதான் கதி.

1941இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரம், ஏரிக்கு வரும் ஐந்து பெரிய ஓடைகளில் நான்கை மறித்துத் தன் பக்கம் திருப்பியது. 1970இல் இரண்டாவது நீர்க்குழாய்த் திட்டமும் முடிந்ததும் எடுக்கும் அளவு கூடியது. ரஷ் கிரீக்கின் கீழ்ப்பகுதி வறண்டு கிடந்தது. 1982க்குள் ஏரி மட்டம் 45 அடி இறங்கி, உப்பு இருமடங்கானது. நீர் வற்றியதால் நெகிட் தீவு கரையோடு ஒட்டிக்கொள்ள, கயோட்டி நரிகள் நடந்தே போய்க் கடற்புறாக் கூடுகளைச் சூறையாடின.

[திரையில்: ஓடைக்கரையின் குறுக்குவெட்டுத் தோற்றம்]

ஓடைக்கு நேர்ந்தது இதைவிடச் சிக்கலானது. தண்ணீர் நின்றதும் கரையோர வில்லோ, காட்டன்வுட் மரங்கள் பட்டுப்போயின. கரையைப் பிடித்திருந்தவை அவற்றின் வேர்கள்தாம். 1967இலும் 1969இலும் பனி மிகுந்து வெள்ளம் வந்தபோது, பிடிமானமற்ற கரை கரைந்து ஓடியது. ஏரி மட்டமும் தாழ்ந்திருந்ததால் வெள்ளம் படுகையை ஆழமாக அரித்தது. படுகை இறங்கினால் பக்கத்து நிலத்தடி நீரும் கூடவே இறங்கும். ஆகவே பிறகு தண்ணீர் விட்டாலும் அது பள்ளத்துக்குள்ளேயே ஓடிவிடும். பழைய கிளை ஓடைகளில் ஏறாது.

இப்போது வழக்குக்கு வருவோம். 1980களின் தொடக்கத்தில் பனி கொட்டித் தீர்த்தது. ரஷ் கிரீக்கை மறித்திருந்த அணையின் நீர்த்தேக்கம் நிரம்பி வழிந்தது. அதோடு பிரவுன் ட்ரவுட் மீன்களும் கீழே வந்து பெருகின. 1984இல் நகரம் தண்ணீரை மீண்டும் நிறுத்தத் தயாரானபோது, தூண்டில் மீன்பிடிப்பவர்கள் நீதிமன்றம் போனார்கள். அவர்கள் கையில் இருந்தது 1930களிலிருந்தே இருந்துவந்த ஒரு சட்டம்: அணைக்குக் கீழே மீன் இருந்தால், அதை நல்ல நிலையில் வைத்திருக்கப் போதுமான நீரை அணையின் உரிமையாளர் விட வேண்டும். பல பத்தாண்டுகளாக யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாத விதி அது.

இங்கே ஒரு வேடிக்கை. மோனோ படுகையில் இயற்கையாக மீன் இனம் எதுவும் கிடையாது. ட்ரவுட் எல்லாம் மனிதர்கள் கொண்டுவந்து விட்டவை. ஆனால் சட்டமோ, கொண்டுவந்து விட்ட மீனா, தானாக இருந்த மீனா என்று பேதம் பார்க்கவில்லை. வந்தேறி மீன்கள்தாம் அந்த மண்ணின் மரங்களுக்கும் சேர்த்து வழக்காடின என்று சொன்னால் பொருந்தும்.

நகரத்துக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. அந்த வட்டாரத்தில் 1953 செப்டம்பருக்குப் பிறகு வழங்கும் எந்த நீர் உரிமமும் இந்த மீன் விதிக்குக் கட்டுப்பட வேண்டும் என்று தனியாக ஒரு பிரிவு இருந்தது. நகரம் தண்ணீர் எடுக்கத் தொடங்கியது 1941இலேயே. இறுதி உரிமம் கைக்கு வந்ததோ 1974இல். 1989இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மீன்களின் பக்கம் நின்றது. அதற்கு முன்பே, 1983இல், இத்தகைய நீர்நிலைகள் பொதுமக்களுக்காக அரசு காக்க வேண்டிய சொத்து என்று மாநில உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது.

[திரையில்: ஓர் ஆண்டின் நீரோட்ட வரைபடம். கோடைத் தொடக்கத்தில் கோடு செங்குத்தாக ஏறுகிறது.]

1994இல் மாநில நீர் வாரியம் ரஷ் கிரீக்குக்கு அளவு விதித்தது. வறண்ட ஆண்டின் கோடையில் விநாடிக்கு 31 கன அடி. ஈரமான ஆண்டில் 68. எப்போதும் சொட்டுச் சொட்டாய் ஏதோ கொஞ்சம் விட்டால் போதும் என்ற எண்ணத்தை இந்த வழக்கு உடைத்தது. மீன் உயிர் பிழைக்க அந்த அடிப்படை ஓட்டம் போதும். ஓடை ஓடையாக இருக்க வெள்ளம் வேண்டும். வெள்ளம்தான் சரளைக்கற்களைப் புரட்டிச் சேற்றைக் கழுவும். அந்தக் கற்களில்தான் ட்ரவுட் முட்டையிடும். காட்டன்வுட் விதை பஞ்சுபோல் பறப்பதும் பனி உருகும் காலத்தில்தான். அது விழுந்து முளைக்க ஈரமான புது வண்டல் வேண்டும். பிறகு நீர் மெதுவாக வடிய வேண்டும். மதகைச் சட்டென்று மூடினால் இளவேர் நிலத்தடி நீரைத் துரத்திப் பிடிக்க முடியாமல் கருகிவிடும்.

எனவே 1998இல் இன்னொரு உத்தரவு வந்தது: மிக ஈரமான ஆண்டில் விநாடிக்கு 500 கன அடி ஐந்து நாள், பிறகு 400 கன அடி பத்து நாள். அடைந்துபோன கிளை ஓடைகள் சிலவற்றையும் தோண்டித் திறந்தார்கள். கரையில் மரங்கள் திரும்பின, அவற்றோடு பாட்டுப் பறவைகளும்.

உத்தரவு எழுதுவது எளிது. வாய்க்கால் அதைத் தாங்க வேண்டுமே! நீர்த்தேக்கத்திலிருந்து ஓடைக்கு நீர் திரும்பும் வாய்க்கால் 380 கன அடிதான் தாங்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் நீர்த்தேக்கம் தானாக நிரம்பிக் கலிங்கில் வழிய வேண்டும், அல்லது பக்கத்து ஓடையின் நீரைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். கலிங்கில் கதவு பொருத்தி, வேண்டிய நேரத்தில் வெள்ளத்தைத் திறந்துவிட வழி செய்ய வேண்டும் என்கிறது 2021இல் திருத்தப்பட்ட உரிமம். 1994இல் நீர் வாரியம் மோனோ ஏரிக்கு இலக்காகக் குறித்த மட்டம், கடல்மட்டத்துக்கு மேல் 6,392 அடி. முப்பது ஆண்டு கழிந்தும் ஏரி அதைத் தொடவில்லை. நகரத்துக்கு இன்னும் எவ்வளவு நீர் தரலாம் என்ற வாதம் இப்போது அதைச் சுற்றித்தான் நடக்கிறது.