மாட்டுப் பண்ணைக்குள் திரும்பி வந்த காடு

எல்லோருக்கும் வணக்கம்.

காடு என்றதும் நம் மனதில் பச்சை நிறம்தான் வருகிறது. நான் இன்று பேசப்போகும் காட்டுக்கு மார்ச் மாதத்தில் போனால் பெரும்பாலான மரங்களில் இலையே இருக்காது. எல்லாம் குச்சி குச்சியாக நிற்கும். கால் வைக்கும் இடமெல்லாம் சருகு நொறுங்கும். இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று எனக்கும் முதலில் தோன்றியது.

இடம் கோஸ்டா ரிக்கா நாட்டின் வடமேற்கு மூலை, குவானாகாஸ்தே மாகாணம். லிபேரியா என்ற ஊரிலிருந்து நிகராகுவா எல்லைப் பக்கம் சுமார் 35 கிலோமீட்டர் போனால் சாந்தா ரோசா தேசியப் பூங்கா வருகிறது. டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை அங்கே மழை அநேகமாகக் கிடையாது. தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று மரங்கள் இலையை உதிர்த்துவிடுகின்றன. மே மாதம் மழை இறங்கியதும் சில நாட்களிலேயே துளிர் விட்டுவிடும்.

இலை இல்லாத நாட்களில் மரம் என்ன செய்யும்? அங்கே செம்பு நிறப் பட்டை கொண்ட ஒரு மரம் இருக்கிறது. அதன் பட்டை மெல்லிய காகிதம் போலச் சுருள் சுருளாக உரிந்து தொங்கும், காற்றடித்தால் சரசரக்கும். கிட்டே போய்ப் பாருங்கள். உரிந்த இடத்தில் உள்ளே பச்சை! இலை செய்ய வேண்டிய வேலையை அந்தத் தோல் ஓரளவு பார்த்துக்கொள்கிறது. அதைப் பார்த்த பிறகு 'காய்ந்த காடு' என்ற சொல்லையே நான் யோசித்துத்தான் பயன்படுத்துகிறேன்.

சரி, இந்தக் காட்டுக்குள் இருக்கும் ஒரு வீட்டின் கதைக்கு வருவோம். பூங்காவின் நடுவே ஒரு பழைய பண்ணை வீடு. ஓட்டுக் கூரை, மரத்தூண் வைத்த திண்ணை, முன்னால் கல் அடுக்கிக் கட்டிய மாட்டுப்பட்டி. லா கசோனா, அதாவது 'பெரிய வீடு' என்பார்கள். வில்லியம் வாக்கர் என்ற அமெரிக்கர் கூலிப்படையோடு நிகராகுவாவில் புகுந்து அதிகாரத்தைப் பிடித்திருந்த காலம் அது. அவருடைய ஆட்கள் கோஸ்டா ரிக்காவுக்குள் நுழைந்து இந்தப் பண்ணையில் தங்கியபோது, 1856 மார்ச் 20 அன்று கோஸ்டா ரிக்கப் படை வந்து தாக்கி அவர்களை விரட்டியது. சண்டை 14 நிமிடம்தான் நடந்ததாகச் சொல்கிறார்கள். பிறகு வாக்கர் நிகராகுவாவின் அதிபராகி, அங்கே ஒழிக்கப்பட்டிருந்த அடிமை முறையை மறுபடி சட்டமாக்கினார். அதை நினைத்தால் அந்த 14 நிமிடத்தின் கனம் புரியும். இந்த இடத்தை 1966-ல் முதலில் காப்பாற்றியதே இந்த வீட்டுக்காகத்தான். தேசியப் பூங்கா ஆனது 1971-ல்.

அதற்குள் காட்டின் பெரும்பகுதி போய்விட்டிருந்தது. மேய்ச்சலுக்காக ஹராகுவா என்ற ஆப்பிரிக்கப் புல்லைக் கொண்டுவந்து பரப்பியிருந்தார்கள். ஆள் உயரத்துக்கு மேல் வளரும், கோடையில் வைக்கோலாகிவிடும், ஒரு தீக்குச்சி போதும். ஒவ்வொரு வருடமும் தீ வந்து காட்டின் ஓரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது.

டேனியல் ஜான்சென், வின்னி ஹால்வாக்ஸ் என்ற விஞ்ஞானத் தம்பதி 1980-களில் ஒன்று சொன்னார்கள்: தீயை நிறுத்துங்கள், காடு தானே வரும். இதைச் சொல்வது எளிது. சுற்றுவட்டார மக்களையே தீயணைக்கும் வேலைக்கு எடுத்தார்கள். புல் உயராமல் இருக்கச் சில இடங்களில் மாடுகளையே மேயவிட்டார்கள். காற்று சில விதைகளைக் கொண்டுவந்தது, பறவையும் குரங்கும் வௌவாலும் மற்றவற்றைக் கொண்டுவந்தன. பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளைக் காட்டுக்கே அழைத்துவந்து உயிரியல் கற்றுக்கொடுத்தார்கள். பெரிய படிப்புப் படிக்காத கிராமத்துக்காரர்கள் புழுவையும் பூச்சியையும் இனம் பிரித்துச் சொல்லும் நிபுணர்கள் ஆனார்கள். எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான்.

மாகாணத்துக்குப் பெயர் கொடுத்ததே குவானாகாஸ்தே மரம்தான். காய் மனிதக் காது போலவே சுருண்டிருக்கும்; கையில் வைத்துக் குலுக்கினால் உள்ளே விதை கலகலக்கும். இந்தக் காயைத் தின்று விதையைப் பரப்பிய பெரிய விலங்குகள் சுமார் 10,000 வருடங்களுக்கு முன்பே அழிந்துவிட்டன என்பது ஜான்செனின் கருத்து. அப்புறம் யார் பரப்பினார்கள்? பண்ணைக் குதிரைகள்! காட்டை வெட்டிய அதே பண்ணையின் குதிரைகள் காயைத் தின்று, சாணத்தோடு விதையை அங்கங்கே போட்டிருக்கின்றன. அதனால்தான் பண்ணையையும் காட்டையும் எதிரிகளாக மட்டும் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

நமக்கும் இந்தக் காட்டோடு ஒரு சொந்தம் இருக்கிறது. நம் சாலையோரத் தூங்குமூஞ்சி மரமும், பள்ளிக்கூட வாசலில் வாங்கித் தின்ற கொடுக்காப்புளியும் அந்தப் பக்கத்து மண்ணிலிருந்து வந்தவைதான். அங்கே தூங்குமூஞ்சியைப் பார்த்தபோது ஊர்க்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது.

2001 மே மாதம் அந்தப் பெரிய வீடு எரிந்தது. வேட்டையைத் தடுத்த கோபத்தில் வேட்டைக்காரர்கள் வைத்த தீ. நாடே கலங்கியது. மறு வருடமே பழைய வடிவத்தில் திரும்பக் கட்டி எழுப்பினார்கள். நான் அந்தத் திண்ணைத் தூணைத் தொட்டுப் பார்த்தேன். இருநூறு வருடத்து மரம் இல்லை அது, ஆனால் அதைத் தொடும்போது மனம் நெகிழ்ந்ததை மறைக்க விரும்பவில்லை.

போகிறவர்கள் வீட்டோடு திரும்பிவிடாதீர்கள். பின்னால் தியாகிகள் நினைவுச்சின்னத்துக்குப் படிகள் ஏறுகின்றன. வெயில் தாழ்ந்த பிறகு தண்ணீர்ப் புட்டியோடு மெதுவாக ஏறுங்கள். கிழக்கே எரிமலைகள் தெரியும். அவற்றுக்கும் உங்களுக்கும் நடுவே, முன்பு ஹராகுவா எரிந்துகொண்டிருந்த நிலத்தில், இலை இல்லாமல் நிற்கும் அத்தனையும் மரங்கள்.