பெடல் சுற்றிக் கேட்ட இதயத் துடிப்பு

(யாழ்ப்பாணத்தில் இசை ரசிகர்கள் கூடிய ஒரு மாலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையிலுள்ள பெரியோருக்கும் இளையோருக்கும் வணக்கம்.

1990இல் போரால் இந்தக் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பற்றரிக்கும் தடை. பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவின் வயரை றேடியோவுக்குக் கொடுக்க வேண்டும். இங்கே இருப்பவர்களில் பலர் அப்படிச் சுற்றியவர்கள்தான். இணுவிலில் எங்கள் வீட்டு விறாந்தையில் அண்ணாவும் நானும் மாறி மாறிச் சுற்றிக் கேட்டது, கொழும்பில் வேலை பார்த்த மாமா விட்டுச் சென்ற ஒரு கசற்: பிங்க் ஃபுளொய்ட் என்ற ஆங்கில ரொக் இசைக்குழு 1973இல் வெளியிட்ட 'த டார்க் சைட் ஒஃப் த மூன்'. எனக்கு ஒன்பது வயது. பாடல்களின் ஆங்கிலம் ஒரு வரிகூட விளங்காது.

இதயத் துடிப்போடு அது தொடங்கும். குழுவில் டிரம் வாசித்த நிக் மேசனின் பெரிய டிரம்மிலிருந்து எடுத்த ஒலி அது என்று பிறகுதான் படித்தேன். அப்போது உண்மையான நெஞ்சென்றே நம்பினேன். சற்றுப் பின் 'ஒன் த ரன்' வரும். யாரோ மூச்சிரைக்க ஓடுகிறார். தலைக்கு மேல் விமான இரைச்சல். கடைசியில் பெரிய வெடிப்பு. அதை உருவாக்கியவர்களுக்கு அது பயணத்தின் பதற்றம். முதன்முறை அது கேட்டதும் அம்மம்மா அடுக்களையிலிருந்து ஓடி வந்து எங்கள் இருவரையும் பங்கருக்குள் இழுத்துச் சென்றார். பெடலை விட்டதும் இரைச்சல் அடங்கியது. பொம்பர் போய்விட்டது என்று அவர் நெஞ்சில் கை வைத்தார். அவரிடம் உண்மையைச் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

அந்த வெடிப்பின் பின் கடிகாரங்கள் அடிக்கும். ஒலிப்பதிவாளர் அலன் பார்சன்ஸ் பழம்பொருள் கடையொன்றில் அவற்றை ஒவ்வொன்றாகப் பதிவு செய்திருந்தார்.

நான் அதிக நேரம் பேச விரும்புவது முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டான 'த கிரேட் கிக் இன் த ஸ்கை' பற்றி. பாட்டு என்கிறேன், அதில் பாடல் வரிகளே இல்லை. குழுவின் ரிச்சர்ட் ரைட் வாசிக்கும் பியானோவுக்கு மேல் கிளேர் டொரி என்ற இளம் பெண் வெறும் குரலை எழுப்புகிறார். தன் குரலை ஒரு வாத்தியமாக நினைத்துக்கொண்டு பாடியதாக அவரே சொல்லியிருக்கிறார். அன்று கிடைத்த கூலி 30 பவுண். இசையமைப்பில் அவருக்கும் பங்குண்டு என்று அவர் பெயர் சேர்ந்தது, வழக்குப் போட்ட பிறகு, 2005இல். முப்பத்திரண்டு ஆண்டுகள்! அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. ஏனென்றால் அந்தத் தொகுப்பில் எனக்கு முழுதாக விளங்கியது அவர் குரல் ஒன்றுதான். செத்த வீட்டில் சொல் தீர்ந்துபோன பெண்கள் அழுவதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை நான். அதற்கு எந்த மொழிபெயர்ப்பும் தேவைப்படவில்லை.

அண்ணாவின் கை களைத்தால் அந்தக் குரலும் இறங்கும். அந்த இறக்கமும் பாட்டின் பகுதி என்றே பல வருடங்கள் நினைத்திருந்தேன்.

மறுபக்கம் காசு குலுங்கும் ஒலியோடு 'மணி' தொடங்கும். எங்கள் ஒழுங்கையில் இருந்த தவில் வித்துவான் ஒருவர் ஒருநாள் வேலியோரம் நின்று கேட்டார். தொடையில் தட்டிப் பார்த்தார். "தகிட தகதிமி. இது ஏழெல்லோ!" என்றார். மிஸ்ரசாபு, நம் ஏழு எண்ணிக்கைத் தாளம்! நடுவில் கிற்றார் புகும்போது தாளம் நான்குக்கு மாறுவதையும் அவரே எங்களுக்குப் பிடித்துக் காட்டினார். மேற்கத்திய இசை வேறு, நம் இசை வேறு என்று யாராவது மதில் கட்டும்போது அந்தத் தொடைத்தட்டுத்தான் எனக்கு நினைவு வரும்.

இதைத் தனித்தனிப் பாட்டாக வெட்டிக் கேட்காதீர்கள் என்று இளையவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். ஏறக்குறைய 43 நிமிடம். ஒன்றின் வால் மற்றதன் தலையோடு பின்னிக் கிடக்கிறது. நாங்கள் தோள் நோகச் சுற்றியும் ஒரு பாட்டைக்கூடக் கேட்காமல் விட்டதில்லை.

1995இல் போரால் ஊரே இடம்பெயர்ந்தபோது அந்தக் கசற் வீட்டோடு போயிற்று. இப்போது சீடியில் கேட்கிறேன். முடிவிலும் அதே இதயத் துடிப்பு வருகிறது. சீராக அடித்து, மெல்ல மங்கி மறைகிறது. எங்கள் விறாந்தையில் அப்படி இல்லை. அந்த இடம் வந்ததும் அண்ணா பெடலிலிருந்து கையை எடுத்துவிடுவார். சில்லு தன்பாட்டில் இன்னும் சில சுற்றுச் சுற்றும். துடிப்பு ஆழமாகும், தாமதமாகும், இன்னும் ஒன்று கேட்கும் என்று காத்திருப்போம்.