கால்வினைப் பின்பற்றும் பாப்டிஸ்ட்: என்ன பெயர் சொல்லி அழைப்பது?

நேயர்களுக்கு வணக்கம். தமிழில் சீர்திருத்தச் சபை என்றால் லூத்தரன், மெதடிஸ்ட் என்று கத்தோலிக்கர் அல்லாத எல்லாரும் உள்ளே வந்துவிடுவார்கள். நான் பேச வந்தது அதைவிடச் சின்ன வட்டத்தைப் பற்றி. ஜெனீவாவில் சபையைச் சீர்திருத்திய கால்வின், அப்புறம் ஹாலந்து, ஸ்காட்லாந்து என்று கிளைவிட்ட மரபு அது. ரிஃபார்ம்ட் என்பார்கள். வேலூர்ப் பக்கம் ஆற்காடு மிஷனை நடத்திய அமெரிக்கச் சபை இந்த வழியில் வந்ததுதான்.

பாப்டிஸ்டுகள் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்காமல், விசுவாசத்தை அறிக்கையிடுபவர்களுக்கு மட்டும் கொடுப்பவர்கள். அவர்களில் கால்வினின் போதனையை ஏற்றுக்கொண்ட பலர் "நாங்களும் ரிஃபார்ம்ட்தான்" என்கிறார்கள். ஆதாரம் கேட்டால், இரட்சிப்பு முழுவதும் தேவனுடைய செயல் என்று சொல்லும் கால்வினிசத்தின் ஐந்து கோட்பாடுகளை எடுத்து நீட்டுவார்கள். இது போதாது என்பது என் கருத்து. 1618-19இல் ஹாலந்தின் டார்ட் நகரில் கூடிய திருச்சபைச் சங்கம், கால்வினின் போதனையோடு முரண்பட்ட இறையியலாளர் ஆர்மீனியஸின் சீடர்கள் கிளப்பிய ஐந்து ஆட்சேபங்களுக்குப் பதில் சொன்னது. அந்தப் பதில்தான் ஐந்து கோட்பாடுகள். ஒரு வழக்கில் தாக்கல் செய்த பதில் மனுவைக் காட்டி, குடும்பச் சொத்தே எனக்குத்தான் என்று சொல்ல முடியுமா?

அதே ரிஃபார்ம்ட் மரபின் போதனை நூலான ஹைடல்பர்க் வினாவிடை, 1563இல் வந்தது, 74ஆம் கேள்வியில் குழந்தைகளுக்கும் ஞானஸ்நானம் கொடுக்க வேண்டுமா என்று கேட்டு, ஆம் என்கிறது. ரிஃபார்ம்ட் சபையாருக்கு இது சடங்குப் பிரச்சினை அல்ல. ஆபிரகாமுக்கும் அவன் சந்ததிக்கும் கொடுத்த உடன்படிக்கை இன்றும் தொடர்கிறது, விருத்தசேதனம் இருந்த இடத்தில் ஞானஸ்நானம் வந்திருக்கிறது என்பது அவர்கள் கணக்கு. அதை உருவிவிட்டால் வீட்டின் நடுத்தூணே போச்சு.

ஆனாலும் பாப்டிஸ்டுகள் வெறுங்கையோடு வரவில்லை. 1677இல் லண்டன் பாப்டிஸ்டுகள் ஒரு விசுவாச அறிக்கை தயாரித்தார்கள். மத சகிப்புச் சட்டம் வந்த பிறகு 1689இல் பெயர் போட்டு வெளிப்படையாக ஏற்றதால் 1689 அறிக்கை என்றே அது வழங்குகிறது. அதையும் ரிஃபார்ம்ட் மரபைச் சேர்ந்த பிரஸ்பிட்டேரியன்களின் வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். தேவன், சிருஷ்டிப்பு, நீதிமானாக்கப்படுதல் என்று பத்தி பத்தியாக ஏறக்குறைய அதே வார்த்தைகள். புதிய சொற்களை மதத்தில் திணிக்கும் ஆசை எங்களுக்கு இல்லை என்று முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறார்கள்.

ஞானஸ்நான அதிகாரத்துக்கு வரும்போதுதான் கத்தரிக்கோல் தெரிகிறது. வெஸ்ட்மின்ஸ்டரில் ஏழு பத்தி, இங்கே நான்கு. தண்ணீரில் முழுக்குவது அவசியமில்லை என்று அங்கே இருக்கிறது. அவசியம் என்று இங்கே. உடன்படிக்கை பற்றிய அதிகாரத்தையும் மாற்றி எழுதியிருக்கிறார்கள். அதாவது எந்த இடத்தில் பிரிகிறோம் என்று தெரிந்தே பிரிந்திருக்கிறார்கள். அதற்கு விலையும் கொடுத்தார்கள். 1689இல் கையெழுத்திட்டவர்களில் ஒருவரான பெஞ்சமின் கீச், குழந்தை ஞானஸ்நானத்தை மறுத்துச் சிறுவர்களுக்கு ஒரு பாடப்புத்தகம் எழுதியதற்காக 1664இல் ஊர் பார்க்கத் தண்டனைக் கட்டையில் நிறுத்தப்பட்டார். புத்தகத்தை அவர் கண்ணெதிரே எரித்தார்கள்.

சரி, என் தீர்ப்பைக் கேட்டால், ஐந்து கோட்பாடுகளோடு நிற்பவரைக் கால்வினிச பாப்டிஸ்ட் என்றால் போதும். 1689 அறிக்கையை முழுதாக ஏற்பவர் "சீர்திருத்த பாப்டிஸ்ட்" என்று பலகை வைத்தால் எனக்கு ஆட்சேபமில்லை. பாப்டிஸ்ட் என்ற சொல்லை மட்டும் மறைக்காமல் இருந்தால் சரி. சீர்திருத்த பாப்டிஸ்ட் என்ற பெயரே இருபதாம் நூற்றாண்டில் பரவியதுதான். அந்த 1677 அறிக்கையின் முகப்புப் பக்கத்தில் ரிஃபார்ம்டும் இல்லை, பாப்டிஸ்டும் இல்லை. தங்கள் விசுவாசத்தை அறிக்கையிட்டு ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவர்களின் சபைகள் என்று மட்டும் அச்சடித்திருக்கிறார்கள். நன்றி, வணக்கம்.