பதிவு செய்த பாடம் மலிவு. பதில் சொல்லும் ஆள் மலிவல்ல

அவையோருக்கு வணக்கம்.

இணையவழிக் கல்வி வந்துவிட்டது, இனி அரசுப் பல்கலைக்கழகங்களின் செலவு தானாகக் குறைந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. எந்தச் செலவு குறையும், எது குறையாது என்று பிரித்துப் பார்க்காமல் அதை ஏற்க முடியாது.

முதலில், கட்டணம் ஏன் ஏறுகிறது? 1966-இல் பௌமோல், போவன் என்ற பொருளியலாளர்கள் நிகழ்த்துகலைகளை ஆராய்ந்து ஒரு காரணத்தைச் சொன்னார்கள். நால்வர் வாசிக்க வேண்டிய இசைக்கு அன்றும் நால்வர், இன்றும் நால்வர். பிற தொழில்களில் இயந்திரம் வந்து கூலி உயரும்போது இவர்கள் சம்பளமும் உயர்ந்தாக வேண்டும். வகுப்பறைக்கும் இதே கணக்குதான். இன்னொரு காரணம் அரசு கைவிரிப்பது. இங்கிலாந்தில் 1998-இல் ஆண்டுக் கட்டணம் 1,000 பவுண்டு, 2006-இல் உச்சவரம்பு 3,000, 2012-இல் 9,000. அந்தக் கடைசி ஏற்றத்தின்போது கற்பிக்கும் செலவு மும்மடங்காகிவிடவில்லை. மானியத்தை வெட்டினார்கள், சுமை மாணவர் கடனாக இடம் மாறியது. இந்த இரண்டாம் காரணத்துக்கு எந்த மென்பொருளும் மருந்தாகாது.

இப்போது இணையப் பாடத்தின் கணக்கு. படப்பிடிப்பு, தொகுப்பு, வசனவரி, வினாவங்கி ஆகியவை பெரும்பாலும் ஒருமுறைச் செலவு. நூறு பேர் பார்த்தாலும் பத்தாயிரம் பேர் பார்த்தாலும் அதேதான். திருத்துவது, சந்தேகம் தீர்ப்பது, தேர்வைக் கண்காணிப்பது, உள்நுழைய முடியாமல் தவிப்பவருக்கு உதவுவது எல்லாம் தலைக்குத் தலை ஏறும். ஒரு கட்டுரையைத் திருத்த 20 நிமிடம், பருவத்துக்கு 4 கட்டுரை, 1,000 மாணவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,333 மணி நேர வேலை. வாரம் 20 மணி நேரம் திருத்துபவர் 15 வாரத்தில் முடிப்பது 300 மணி. ஆக, திருத்துவதற்கு மட்டும் ஐந்து பேர் தேவை. இந்த ஐவரைத் தவிர்க்கத்தான் எல்லாவற்றையும் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வினாக்களாக மாற்றுகிறார்கள். மிச்சமாவது பணம், போவது எழுத்துப் பயிற்சி.

யார் படிக்கிறார் என்பதும் முக்கியம். 2013 தொடக்கத்தில் கலிபோர்னியாவின் சான் ஹோசே அரசுப் பல்கலைக்கழகம் உடாசிட்டி என்ற இணையப் பாட நிறுவனத்தோடு சேர்ந்து, பாடம் ஒன்றுக்கு 150 டாலரில் மூன்று இணையவழிக் கணிதப் பாடங்களை நடத்தியது. அடிப்படைக் கணிதத்தில் ஏற்கெனவே தோற்றவர்களும் பள்ளி மாணவர்களும் அதில் இருந்தார்கள். சிலருக்கு நம்பகமான கணினி வசதிகூட இல்லை. தேர்ச்சி மோசமாக இருந்ததால் ஜூலையில் திட்டத்தை நிறுத்திவைத்தார்கள். கோடைப் பருவத்தில் தேர்ச்சி உயர்ந்தது உண்மை. ஆனால் அப்போது சேர்ந்தவர்களில் பாதிப்பேர் ஏற்கெனவே பட்டதாரிகள்!

இதற்கு நேரெதிர் ஜார்ஜியா டெக் என்ற அமெரிக்க அரசுப் பல்கலைக்கழகம். அங்கு 2014 ஜனவரியில் தொடங்கிய இணையவழிக் கணினி அறிவியல் முதுகலைக்கு மொத்தக் கட்டணம் சுமார் 7,000 டாலர்தான். அது ஓடுகிறது. படிப்பவர் பலர் வேலையில் இருப்பவர்கள், தாமாகப் படிக்கப் பழகியவர்கள். அங்கும் பின்னால் உதவி ஆசிரியர்கள் நூற்றுக்கணக்கில் உழைக்கிறார்கள். 1971-இல் கற்பிக்கத் தொடங்கிய பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் வானொலி, தொலைக்காட்சியை மட்டும் நம்பவில்லை. மாணவருக்கு ஒரு வழிகாட்டி ஆசிரியரை ஒதுக்கி, ஒப்படைப்புகளைக் குறிப்பெழுதித் திருத்தித் தந்தது.

கடைசியாக ஒப்பந்தங்கள். கையில் முதலீடு இல்லாத பல்கலைக்கழகம் இணையவழிப் படிப்பை உருவாக்கி நடத்தத் தனியார் நிறுவனத்தை அழைக்கிறது. அமெரிக்காவில் இத்தகைய நிறுவனங்கள் கட்டண வருவாயில் பாதியோ அதற்கு மேலோ கேட்பது வழக்கம். ஒப்பந்தமோ பல ஆண்டுகளுக்கு நீளும். அந்தப் பங்கில் பெருந்தொகை விளம்பரத்துக்கும் ஆள்சேர்ப்புக்கும் போகிறது. நேர்வகுப்புக்கு நிகராக இணையவழிக்கும் கட்டணம் வாங்குகிறார்களே என்று வியப்பவர்களுக்கு விடை இங்கே கிடைக்கும். இத்தொழிலில் முன்னணியில் இருந்த 2யூ, 2021-இல் எட்எக்ஸ் என்ற இணையப் பாடத் தளத்தை 80 கோடி டாலருக்கு வாங்கியது. 2024 ஜூலையில் திவால் பாதுகாப்புக் கோரியது.

ஆகவே கையெழுத்திடுமுன் சில ஷரத்துகளைத் தேடுங்கள். பதிவுகளும் வினாவங்கியும் யாருக்குச் சொந்தம்? பாடத்தைப் பதிவு செய்த பேராசிரியர் விலகிய பின் அதை ஓட்டலாமா? சேர்க்கை முடிவு யார் கையில்? சேர்க்கும் தலைக்கு இவ்வளவு என்று ஊக்கத்தொகை உண்டா? நிறுவனம் மூழ்கினால், சேர்ந்துவிட்ட மாணவர்கள் படிப்பை முடிக்கும் செலவு யாருடையது? இந்தக் கடைசிக் கேள்விக்குத் தாளில் பதில் இல்லையென்றால், அந்தச் செலவு பல்கலைக்கழகத்தின் தலையில்தான் விழும்.