ரேகை தேய்ந்த விரல்

(மார்த்தாண்டத்தில் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, நண்பர்களே,

கூட்டத்துக்கு வரும் வழியில் டீக்கடையில் ஒருவர், "இன்றைக்கு என்ன பேச்சு?" என்று கேட்டார். அரசியல்வாதிகளுக்குப் பதிலாகச் செயற்கை நுண்ணறிவு ஆளலாமா என்பதுதான் என்று சொன்னேன். "கம்ப்யூட்டரே ஆளட்டும் சார். அது கமிஷன் கேட்காது அல்லவா?" என்றார்.

அவரைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. 2021-இல் ஸ்பெயினின் ஐ.இ. பல்கலைக்கழகம் ஒரு கருத்துக்கணிப்பை வெளியிட்டது. நாடாளுமன்ற உறுப்பினர்களில் சிலரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் செயற்கை நுண்ணறிவை வைக்கலாம் என்று ஐரோப்பியர்களில் 51 சதவீதம் பேர் அதில் சொல்லியிருந்தார்கள். ஸ்பெயினில் 66 சதவீதம். பிரிட்டனில் தலைகீழ், 69 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். 2025 செப்டம்பரில் அல்பேனியா இன்னும் ஒரு படி மேலே போய், அரசு டெண்டர்களைக் கவனிக்க 'தியெல்லா' என்ற மென்பொருளையே அமைச்சராக்கியது. காரணம், டீக்கடையில் அவர் சொன்னதேதான்: அது கமிஷன் கேட்காது. வீட்டில் கோபித்துக்கொண்டு திண்ணையில் போய்ப் படுப்பவர், திண்ணை சுகம் என்றா போகிறார்?

என் சித்தி முப்பது ஆண்டுகள் அண்டி ஆபீசில் வேலை பார்த்தவர். (வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: முந்திரித் தொழிற்சாலையை இங்கே அப்படித்தான் சொல்வோம்.) தோட்டின் எண்ணெய் பட்டுப்பட்டு விரல்நுனி கறுத்து, ரேகை தேய்ந்துவிட்டது. ரேஷன் கடைக்குக் கைரேகைக் கருவி வந்த புதிதில், பெருவிரல், ஆள்காட்டி விரல், பிறகு இடது கை என்று ஒவ்வொன்றாகச் சேலைத் தலைப்பில் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்தார். கருவி ஏற்கவில்லை. விற்பனையாளர் பக்கத்துத் தெருப் பையன். "அக்கா, உங்களை எனக்குத் தெரிகிறது, இதற்குத் தெரியவில்லையே" என்றான். அன்று வெறும் பையோடு திரும்பினார்.

கருவி பொய் சொல்லவில்லை, கமிஷனும் கேட்கவில்லை. ரேகையைப் பார்க்கச் சொன்னார்கள், பார்த்தது. ரேகை தேயும் தொழில் ஒன்று உண்டு என்பது அதை வாங்க முடிவெடுத்தவர்களுக்குத் தோன்றவில்லை.

எதை எண்ணுவது, எதை விடுவது என்பதில்தான் அரசியலே இருக்கிறது. நம் கன்னியாகுமரி மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1955-இல் மாநில மறுசீரமைப்பு ஆணையம், தமிழர் பெரும்பான்மையைக் காட்டி அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு வட்டங்களைச் சென்னை மாநிலத்துக்குப் பரிந்துரைத்தது. தேவிகுளத்திலும் தமிழர்தான் பெரும்பான்மை, பீர்மேட்டிலும் பெருமளவில் இருந்தார்கள். ஆனால் அவர்கள் தோட்ட வேலைக்கு வந்து குடியேறியவர்கள் என்றும் வேறு பொருளாதாரக் காரணங்கள் என்றும் சொல்லி, அவற்றைக் கேரளத்தோடு விட்டுவிட்டது. ஒரே அறிக்கை, ஒரே மாதிரிக் கணக்கு, இரண்டு தீர்ப்பு! தமிழகத்தோடு இணைய வேண்டும் என்ற போராட்டத்தில், 1954 ஆகஸ்ட் 11 அன்று இதே மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் விழுந்தவர்களை எந்த மென்பொருளில் எந்தக் கட்டத்தில் நிரப்புவீர்கள்?

பேச்சிப்பாறை அணையில் எத்தனை அடி தண்ணீர், நாளை எவ்வளவு மழை என்று இயந்திரம் சொல்லட்டும். வேண்டாம் என்று சொல்ல எனக்குப் பைத்தியமா? ஆனால் கும்பப்பூ நெல் சாகுபடிக்குத் தண்ணீர் போதாத ஆண்டில் யார் வயல் காய்வது? மழை கொட்டும் இரவில் உபரிநீரைத் திறந்தால் யார் வீட்டுக்குள் ஆறு நுழைவது? இதற்கு விடை சொல்பவர் மறுநாள் காலையில் அந்த வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டியவர்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குறைதீர் கூட்டத்தில் கடைமடை விவசாயி ஒருவரைப் பார்த்தேன். எழுபது வயதிருக்கும். மனு எதுவும் எழுதி வரவில்லை. ஈயப் பாத்திரத்தில் இருந்த காய்ந்த நாற்று முடி ஒன்றை எடுத்து அதிகாரியின் மேசையில், கோப்புகளின் மேல் வைத்தார். மண் உதிர்ந்து காகிதமெல்லாம் பரவியது. அதிகாரி தட்டிவிடவும் இல்லை, பேசவும் இல்லை. மறுநாளே தண்ணீர் வந்தது என்று சொல்ல ஆசைதான். பத்து நாள் கழித்து வந்தது. பாதி நாற்று அதற்குள் போய்விட்டிருந்தது. அவர் மறுமாதமும் அதே பாத்திரத்தோடு வந்தார்.